லினக்ஸ் நெட்வொர்க் கார்டுக்கு மாறாத பெயரும் மாறாத முகவரியும்

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடை என்று வையுங்கள். பில் மென்பொருள் ஒரு லினக்ஸ் கணினியில் இருக்கிறது. மற்றக் கணினிகள் அதைத் தேடி வந்துதான் பில் போடுகின்றன. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்துவிட்டால் வியாபாரமே நின்றுவிடும். அதனால் முகவரியை நிலையாக்க வேண்டும். ஆனால் முதலில் நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸ் வைக்கும் பெயரை நிலையாக்குங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள். டெர்மினலில் 'ஐபி லிங்க்' கொடுத்தால் 'ஈஎன்பி3எஸ்0' போல ஒரு பெயர் வரும். லினக்ஸின் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் 2013இல் கொண்டுவந்த முறை இது: 'ஈஎன்' என்றால் ஈதர்நெட், 'பி3' என்றால் கார்டு இருக்கும் பிசிஐ பஸ்ஸின் (கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) எண், 'எஸ்0' என்றால் ஸ்லாட். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிச் செருகினால் பஸ் எண் நகர்ந்து, பெயர் 'ஈஎன்பி4எஸ்0' ஆகிவிடலாம். நீங்கள் போட்ட செட்டிங்கோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே பெயரைக் கார்டின் மேக் முகவரியோடு (கார்டிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்) கட்டிவிடுங்கள். அதே 'ஐபி லிங்க்' விடையில் 'லிங்க்/ஈதர்' என்பதற்குப் பக்கத்தில் அது இருக்கும். 'ஈடிசி' கோப்புறைக்குள் 'சிஸ்டம்டி', அதற்குள் 'நெட்வொர்க்'. அங்கே சூடோ (நிர்வாகி) உரிமையோடு '10-லேன்0.லிங்க்' என்று ஒரு கோப்பு திறந்து நான்கு வரி எழுதுங்கள்:

[மேட்ச்]
மேக்அட்ரஸ்=உங்கள் கார்டின் மேக் முகவரி
[லிங்க்]
நேம்=லேன்0

'ஈத்0' என்று மட்டும் வைக்காதீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தானே அந்தப் பெயரைப் பயன்படுத்துவதால் மோதல் வரும். உபுண்டு, டெபியனில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' என்று சூடோவோடு கொடுத்து (கணினி தொடங்கும்போது பயன்படும் கோப்பை இது புதுப்பிக்கும்) ரீபூட் செய்யுங்கள். இதைக் கணினியின் முன்னால் உட்கார்ந்தே செய்யுங்கள். பெயர் மாறும்போது, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்துபோகலாம்.

அப்புறம் முகவரி. நெட்வொர்க் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் உள்ள கணினியில், டெர்மினலில் 'என்எம்டியூஐ' என்ற அதன் செட்டிங் திரையைத் திறந்து, இணைப்பின் 'டிவைஸ்' கட்டத்தில் 'லேன்0' போடுங்கள். ஐபிவி4ஐ 'மேனுவல்' ஆக்கி, முகவரி 192.168.1.50/24, கேட்வே 192.168.1.1 என்பதுபோல நிரப்புங்கள். உங்கள் கேட்வே (வெளியே போகும் வழி, பெரும்பாலும் ரவுட்டர்) எது என்பதை 'ஐபி ரூட்' காட்டும். டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) கட்டத்திலும் பெரும்பாலும் கேட்வே முகவரியையே போடலாம். ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பட்டியல், கடைசி எண் 100 முதல் 200 வரை என்றால் அதற்கு வெளியே ஓர் எண்ணை எடுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய போனுக்கும் அதே முகவரி போய்விடலாம்.

சேமித்து, இணைப்பை நிறுத்தி மீண்டும் இயக்கி, கேட்வேயைப் பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை). பிறகு கூகுளின் 8.8.8.8, கடைசியாக ஓர் இணையதளப் பெயர். பெயர் மட்டும் பதில் தரவில்லையென்றால் டிஎன்எஸ் கட்டத்தைத் திறந்து பாருங்கள்.