காப்பகத்து நாயைத் தத்தெடுப்பவர்கள் முதல் மாதத்தில் செய்யும் தவறுகள்

வளர்ந்த நாயைக் காப்பகத்திலிருந்து கூட்டி வருபவர்கள் பாசக்குறைவால் தவறு செய்வதில்லை. அவசரப்படுகிறார்கள், அவ்வளவுதான். வந்த அன்றே குளிப்பாட்டி, சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்டி, குழந்தைகளைத் தடவிக் கொடுக்கச் சொல்லி, படமும் எடுத்துவிடுவார்கள். இரைச்சலான கூண்டில் மாதக்கணக்கில் கிடந்த நாய்க்கு நம் வீடும் இன்னொரு புரியாத இடம்தான். அது ஒரு மூலையில் ஒடுங்கிப் படுத்திருந்தால் 'சாதுவான நாய்' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது பயம்.

நாய் வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டின் வழக்கம் பிடிபட மூன்று வாரம், 'இது என் வீடு' என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இது அப்படியே பொருந்தாது. ஆனால் இரண்டாவது வாரத்திலேயே "இது சரிப்பட்டு வராது" என்று திருப்பிக் கொண்டுபோய் விடும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, இனத்தை வைத்துக் குணத்தை முடிவு செய்வது. கலப்பின நாய்க்குக் காப்பகம் வைக்கும் அட்டையில் எழுதியிருக்கும் இனம் பெரும்பாலும் தோற்றத்தைப் பார்த்துச் சொன்ன ஊகம். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வில், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. அதனால் அட்டையை விட்டுவிட்டு, அதைத் தினமும் கவனிக்கும் ஊழியரிடம் கேளுங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் என்ன செய்கிறது? மற்ற நாய்களோடு எப்படி? ஒரே தடவை பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு மூன்று முறை போய், வெளியே நடத்திப் பாருங்கள்.

தொலைந்துபோகும் ஆபத்து முதல் சில நாள்களில்தான் மிக அதிகம். பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். உடம்போடு இறுக்கமாகப் பொருந்தும் ஹார்னெஸ் (நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை) போடுங்கள், கதவைத் திறக்கும் முன்பே சங்கிலியை மாட்டுங்கள். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு இருந்தால், அதன் எண்ணுக்குப் பதிவேட்டில் இருக்கும் தொலைபேசி எண் உங்களுடையதுதானா என்று அன்றே பாருங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

உணவைச் சட்டென்று மாற்றினால் பேதியாகலாம். பழைய உணவோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள். காப்பகத்தில் தடுப்பூசி போட்டிருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள், ஏனென்றால் அங்கே தொற்றிய இருமல் வீட்டுக்கு வந்து சில நாள் கழித்தும் வெளிப்படலாம்.

நாய் உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். 'கிட்டே வராதே' என்று நாய் சொல்ல உறுமல் ஒரு நல்ல வழி. அதை அடக்கப் பழக்கினால், அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கலாம். விலகி நில்லுங்கள், எதற்குப் பயந்தது என்று பாருங்கள்.

அப்புறம், ஒரு வாரம் விடுப்பு எடுத்து நாள் முழுக்கக் கூடவே இருந்துவிட்டு, எட்டாம் நாள் எட்டு மணி நேரம் தனியே விட்டுப் போகாதீர்கள். முதல் நாளிலிருந்தே ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று வெளியே போய்த் திரும்பி வந்து பழக்குங்கள்.