ஹெட்லேம்ப்புக்கும் டார்ச்சுக்கும் ஒரே செல்

காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள், தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கான ஹெட்லேம்ப்பையும் டார்ச்சையும் ஒரே அளவு செல் போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கூடாரம் கட்டவும் சமைக்கவும் இரண்டு கையும் வேண்டும், அதனால் முதலில் ஹெட்லேம்ப்பை முடிவு செய்துவிட்டு, அப்புறம் அதற்குப் பொருந்தும் டார்ச்சைத் தேடுவது நல்லது. மாற்று செல் ஒரே வகை போதும். நடுராத்திரியில் ஹெட்லேம்ப் மங்கினால், டார்ச்சில் இருப்பதைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். போடும்போது எல்லா செல்லையும் சேர்த்தே மாற்றுங்கள்; பழையதும் புதியதும் கலந்தால் செல் கசிந்து விளக்கையே கெடுத்துவிடலாம். பையில் வைக்கும்போது டார்ச்சின் பின்மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால், பல டார்ச்சுகள் தவறுதலாக அழுந்தினாலும் எரியாது.

உள்ளேயே சார்ஜ் ஏறும் விளக்குகளுக்கு இந்த யோசனை உதவாது, அவற்றுக்குப் பவர் பேங்க்தான் வழி. உறையும் குளிரிலும் சாதாரண ஆல்கலைன் செல் சீக்கிரம் சோர்ந்துவிடும். அங்கே லித்தியம் செல் நன்றாகத் தாங்கும், ஆனால் உங்கள் விளக்கு அதை ஏற்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.