இளம் க்வாட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி? என்.எஃப்.எல். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.இல் ஓர் அணி தோற்றதும் அதன் ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "இந்தப் பையன் தேறமாட்டான்" என்பது ஒரு கட்சி. "முன்னால் நிற்கிற ஐந்து பேரும் சரியில்லை, அவன் மட்டும் என்ன செய்வான்?" என்பது இரண்டாவது. "நடுவர்கள்தான் ஆட்டத்தைக் கெடுத்தார்கள்" என்பது மூன்றாவது. பெரும்பாலும் மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் ஆட்டம் பார்ப்பதே வேறு அனுபவமாகிவிடும். அந்தப் பிரித்தலைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

விளையாட்டின் அடிப்படை கொஞ்சம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றும் ஒரு டவுன். க்வாட்டர்பேக் பந்தை வாங்கி எறிவார், அல்லது ஓடுபவரிடம் கொடுப்பார். அவருக்கு முன்னால் ஐந்து லைன்மேன்கள்: நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். எறிவதற்குள் அவரைப் பந்தோடு வீழ்த்தினால் அது சாக்.

படி 1: முதல் தடவை பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள்

நேரலையில் நம் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். அதைத் தடுக்க முடியாது. அதனால் முக்கியமான ஆட்டங்களைப் பதிவாக மறுபடி பாருங்கள். அந்த முதல் மறுபார்வையில் ஐந்து லைன்மேன்களை மட்டும் கவனியுங்கள். எதிரணியில் எத்தனை பேர் பாய்கிறார்கள், அவர்களைத் தடுக்க இங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். நான்கு பேர் பாய்ந்து, ஐந்து பேர் தடுத்தும் ஒருவன் உள்ளே வந்துவிட்டால் அது லைன் கணக்கு, அதாவது அந்த ஐவரின் தப்பு. ஏழு பேர் பாய்ந்து ஆறு பேர்தான் தடுக்க இருந்தால் ஒருவன் வந்தே தீருவான். அவன் வருவதற்குள் பந்தை எறிய வேண்டியது க்வாட்டர்பேக்கின் வேலை.

அப்புறம் வாய்க்குள் விநாடி எண்ணுங்கள். பந்து கைக்கு வந்ததிலிருந்து இரண்டரை விநாடிக்குள் ஆள் மேலே வந்து விழுந்தால் பையனைக் குறை சொல்ல நான் தயங்குவேன். மூன்றரை, நான்கு விநாடி கையில் வைத்துக்கொண்டிருந்து வீழ்ந்தால் லைனைக் குறை சொல்ல மாட்டேன். இது கறாரான விதி இல்லை, ஆனால் தொடங்குபவர்களுக்கு நல்ல அளவுகோல்.

சாக் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. சிகாகோ பேர்ஸ் அணியின் கேலெப் வில்லியம்ஸ் 2024இல், தன் முதல் பருவத்திலேயே, 68 முறை சாக் ஆனார். லைன் பலவீனமாக இருந்தது உண்மை. அவர் பந்தை அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்ததும் உண்மை. நடுவில் தாக்குதல் பயிற்சியாளரை நீக்கினார்கள், சில வாரத்தில் தலைமைப் பயிற்சியாளரையும் நீக்கினார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையனைச் சுற்றி எல்லாம் ஆடிக்கொண்டிருந்த ஒரு வருடம் அது. அடுத்த ஆண்டு புதுப் பயிற்சியாளராக பென் ஜான்சன் வந்தார். லைனின் நடுவில் ஜோ தூனி, ட்ரூ டால்மன், ஜோனா ஜாக்சன் என்று மூன்று புது ஆட்கள். சாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. தூனியும் டால்மனும் செய்த வேலை எவ்வளவு, வில்லியம்ஸ் சீக்கிரம் எறியக் கற்றது எவ்வளவு என்று ஒவ்வொரு ஆட்டமாக எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணாமல் தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு டேவிட் கார் சாட்சி. 2002இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் என்ற புத்தம் புதிய அணி, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில், முதல் தேர்வாக அவரை எடுத்தது. அந்த ஒரே பருவத்தில் 76 சாக். இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. 2005இல் மறுபடி 68. கார் குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் உண்மையில் எவ்வளவு நல்லவர் என்பதை யாருமே பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

படி 2: இரண்டாவது தடவை, பிடிப்பவர்களைப் பாருங்கள்

தொலைக்காட்சிப் படத்தில் ரிசீவர்கள் ஓடத் தொடங்கியதும் திரையை விட்டே போய்விடுவார்கள். 22 பேரும் தெரியும் உயரமான கோணத்தை லீக் தன் கட்டணச் சேவையில் தருகிறது. அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மறுஒளிபரப்புத் துண்டுகளை வைத்துச் சமாளிக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எறியும் நேரத்தில் யாராவது காலியாக நின்றார்களா? நின்றவரைப் பையன் பார்த்தானா? கையில் விழுந்த பந்தை ரிசீவர் நழுவவிட்டாரா? ரிசீவரின் கையில் பட்டு எகிறி எதிரணியிடம் போன பந்தும் புள்ளிவிவரத்தில் க்வாட்டர்பேக்கின் இன்டர்செப்ஷன்தான், அதாவது எதிரணி பறித்த எறிதல்தான். எறிபவருக்கு லீக் தரும் மதிப்பெண்ணான பாஸர் ரேட்டிங்கில் சாக்கும் சேராது, காலால் ஓடி எடுத்த யார்டும் சேராது. அந்த ஒரே எண்ணை வைத்துச் சண்டை போடுபவரோடு நேரம் வீணாக்காதீர்கள்.

ஜாஷ் ஆலனை எடுத்துக்கொள்ளுங்கள். பஃபலோ பில்ஸ் அணிக்காக அவர் எறிந்ததில் இலக்கைச் சேர்ந்தவை 2018இல் 52.8 சதவீதம், 2019இல் 58.8. துல்லியம் பிறவியிலேயே வரவேண்டும், இவருக்கு வராது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 2020 மார்ச்சில் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்து சேர்ந்தார். அந்தப் பருவத்தில் 69.2 சதவீதம். டிக்ஸ் 127 பந்து பிடித்து லீக்கிலேயே முதலிடம். எல்லாப் பெருமையும் டிக்ஸுக்கு என்று சொல்வதும் தப்பு. ஆலன் தன் எறியும் முறையையே பாடுபட்டுத் திருத்தியிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

படி 3: பயிற்சியாளரையும் கணக்கில் சேருங்கள்

துணை நிற்பவர்கள் என்றால் ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை. 2016இல் முதல் தேர்வாக வந்த ஜாரெட் காஃப் ராம்ஸ் அணிக்காக அந்த ஆண்டு தொடங்கிய 7 ஆட்டத்திலும் தோற்றார். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார். இடது டேக்கிளாக ஆண்ட்ரூ விட்வொர்த், ரிசீவராக ராபர்ட் வுட்ஸ், புதுமுகமாக கூப்பர் கப். காஃப் 28 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எறிந்தார், 7 இன்டர்செப்ஷன்தான். அதே கை, அதே ஆள். முதல் ஆண்டை மட்டும் பார்த்து எழுதிய தீர்ப்புகள் ஒரே வருடத்தில் செல்லாமல் போயின.

படி 4: கொடி விழுந்தால் முதலில் விதியைக் கேளுங்கள்

சூடு ஏறுவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். களத்தில் ஏழு நடுவர்கள். தப்பைக் கண்டதும் அவர்கள் எறிவதுதான் கொடி. வெள்ளைத் தொப்பி போட்டவர் தலைமை ரெஃப்ரி. க்வாட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்பவரும், அவரை அடித்தது முறையா என்று பார்ப்பவரும் அவரே. நீங்கள் அடிக்கடி கேள்விப்படப்போகும் தண்டனைகள் சில:

எறிபவரை முறையின்றி அடித்தால் 15 யார்டு, அதோடு புது முதல் டவுன், அதாவது நான்கு வாய்ப்பும் மறுபடி முதலிலிருந்து. பிடிக்கப்போகும் ரிசீவரைப் பந்து வருமுன் தடுத்தால், தப்பு நடந்த இடத்திலேயே பந்தை வைப்பார்கள். 40 யார்டு தள்ளி நடந்தால் 40 யார்டும் இனாம். டச்டவுன் எடுக்கும் எல்லையான எண்ட் ஸோனுக்குள் நடந்தால் பந்து 1 யார்டு கோட்டில். தற்காப்பு ஆட்டக்காரர் ரிசீவரைப் பிடித்து இழுத்தால் 5 யார்டுதான், ஆனால் அதற்கும் முதல் டவுன் உண்டு. லைன்மேன் எதிராளியைப் பிடித்து நிறுத்தினால் 10 யார்டு பின்னால்.

ஒரு முடிவு தப்பு என்று தோன்றினால் முதலில் "அன்றைய விதி என்ன?" என்று கேளுங்கள். 2002 ஜனவரி 19, கொட்டும் பனியில் பேட்ரியட்ஸும் ரெய்டர்ஸும் ஆடினார்கள். இரண்டாம் ஆண்டுப் பையனான டாம் பிரேடியின் கையிலிருந்து சார்லஸ் வுட்ஸன் அடித்ததில் பந்து விழுந்தது. ரெய்டர்ஸ் எடுத்துக்கொண்டார்கள். ரெஃப்ரி வால்ட் கோல்மன் பதிவைப் பார்த்து, கை முன்னோக்கி நகரத் தொடங்கியிருந்ததால் அது எறிந்த பந்து என்று மாற்றினார், அதனால் பந்து பேட்ரியட்ஸிடமே இருந்தது. பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில் 16-13 என்று வென்றார்கள். விதிப்படி கோல்மன் செய்தது சரி. அந்த விதிதான் மோசமானது. 2013இல் அதை எடுத்தே விட்டார்கள்.

இன்னொரு வகை, விழவேண்டிய கொடி விழாமல் போவது. 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸில் ராம்ஸுக்கும் செயின்ட்ஸுக்கும் லீக்கின் ஒரு பாதியான என்.எஃப்.சி.யின் இறுதி. டாமிலீ லூயிஸை நோக்கிப் பந்து வரும் முன்பே நிக்கல் ரோபி-கோல்மன் அவரை மோதித் தள்ளினார். கொடி இல்லை. அது நடுவர்களின் தெளிவான பிழை, எந்தக் கோணத்தில் பார்த்தாலும். கொடி விழுந்திருந்தால் செயின்ட்ஸ் நேரத்தைக் கரைத்துவிட்டு, பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்துப் புள்ளி எடுத்து வென்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு அவர்கள் 23-20 என்று முன்னிலை பெற்றார்கள், கூடுதல் நேரத்தில் முதலில் பந்தும் கிடைத்தது, இன்டர்செப்ஷனில் அதை இழந்தார்கள். ராம்ஸ் 26-23. இதனால் எழுந்த கோபத்தில் அவ்வகைத் தப்பைப் பதிவு பார்த்து மாற்றலாம் என்று 2019க்கு மட்டும் விதி கொண்டுவந்தார்கள். அது சரிவராமல் ஒரே பருவத்தில் கைவிட்டார்கள்.

ஆக, ஒரு நடுவர் முடிவை எழுதும்போது அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் மிச்சம், அதற்குப் பிறகு நம் அணிக்கு எத்தனை வாய்ப்பு. நமக்குச் சாதகமாகப் போன பிழைகளையும் அதே தாளில் எழுத வேண்டும். பெரும்பாலான ரசிகர்கள் செய்யாதது இதைத்தான்.

படி 5: ஒரே ஆட்டத்தில் எல்லாவற்றையும் பழகுங்கள்

பயிற்சிக்கு நான் எப்போதும் சொல்வது 2022 பிப்ரவரி 13, இங்கிள்வுட் சோஃபை மைதானத்தில் நடந்த ஐம்பத்தாறாவது சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம். ராம்ஸ் 23, பெங்கல்ஸ் 20. பெங்கல்ஸின் ஜோ பரோவுக்கு அது இரண்டாவது பருவம். முதல் பருவத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து பாதியில் விலகியவர்.

தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: பையன், துணை, நடுவர்.

துணைப் பத்தி சீக்கிரம் நிரம்பும். அன்று பரோ 7 முறை சாக் ஆனார், சூப்பர் பௌல் வரலாற்றில் சாதனைக்குச் சமம். வழக்கமான பருவத்திலேயே 51 சாக், லீக்கில் அவருக்குத்தான் அதிகம். அதற்கு ஒரு பின்னணி உண்டு. 2021 தேர்வில் ஐந்தாவது இடத்தில் பெனே சூவல் என்ற டேக்கிளை எடுப்பதா, பரோவின் கல்லூரித் தோழர் ஜமார் சேஸை எடுப்பதா என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். அணி சேஸை எடுத்தது. சேஸ் அந்தப் பருவத்தில் 1,455 யார்டு எடுத்துக் கொடுத்தார். சேஸ் இல்லாமல் அவர்கள் இறுதிக்கு வந்திருக்கவே மாட்டார்கள் என்பது என் கட்சி. சாக் அதற்குக் கொடுத்த விலை.

நடுவர் பத்திக்கு வாருங்கள். இரண்டாம் பாதியின் முதல் டவுனிலேயே பரோ எறிந்த பந்து டீ ஹிக்கின்ஸுக்கு 75 யார்டு டச்டவுன். மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: ஹிக்கின்ஸின் கை ராம்ஸ் அணியின் ஜேலன் ராம்ஸியின் முகக்கவசத்தைத் திருகுகிறது. கொடி இல்லை. கடைசி இரண்டு நிமிடத்தில், ராம்ஸுக்கு 8 யார்டு கோட்டில் மூன்றாவது டவுன். பெங்கல்ஸின் லோகன் வில்சன் ராம்ஸின் கூப்பர் கப்பைப் பிடித்தார் என்று கொடி. அதுவரை நடுவர்கள் கொடியை அதிகம் வெளியே எடுக்கவில்லை, அதனால்தான் பெங்கல்ஸ் ரசிகர்களுக்கு ஆத்திரம். வில்சன்மேல் விழுந்த கொடி பலவீனமானது, நானாக இருந்தால் அதை எறிந்திருக்க மாட்டேன். ஆனால் ஹிக்கின்ஸின் டச்டவுனை எழுதாமல் இதை மட்டும் எழுதுகிற தாள் நேர்மையான தாள் இல்லை. சிறிது நேரத்தில் பெங்கல்ஸின் ஈலை ஆப்பிள்மேல் இன்னொரு கொடி, பந்து 1 யார்டில். 1 நிமிடம் 25 விநாடி இருக்கும்போது கப் டச்டவுன் பிடித்தார்.

இப்போது பையன் பத்தி. 33 எறிந்து 22 சேர்ந்தது, 263 யார்டு, இன்டர்செப்ஷன் இல்லை. கடைசி முயற்சியில் பெங்கல்ஸ் ராம்ஸின் 49 யார்டு கோடு வரை வந்துவிட்டார்கள். மூன்றாவது டவுன், 1 யார்டு வேண்டும். பந்தை சமாஜே பெரைனிடம் கொடுத்தார்கள். ராம்ஸின் ஆரன் டோனல்ட் பிடித்து நிறுத்தினார். முதன்மை ஓட்டக்காரரான ஜோ மிக்ஸன் அப்போது களத்தில் இல்லை. இதைப் பயிற்சியாளர் கணக்கில், அதாவது துணைப் பத்தியில் எழுதுங்கள். நான்காவது டவுனில் டோனல்ட் உள்ளே பாய்ந்து பரோவைச் சுழற்றினார், பந்து தரையில் விழுந்தது. அதே நேரம் தூரத்தில் ராம்ஸி தடுமாறியிருக்க, சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு விநாடி கிடைத்திருந்தால் அந்தப் பந்து அவரிடம் போயிருக்கும். அந்த விநாடியை யார் பத்தியில் எழுதுவீர்கள் என்பதை உங்களிடமே விடுகிறேன்.

பெங்கல்ஸ் நிர்வாகம் எந்தப் பத்தியில் எழுதியது என்பது அடுத்த மாதமே தெரிந்தது. ஆலெக்ஸ் காப்பா, டெட் கர்ராஸ், லாயெல் காலின்ஸ் என்று மூன்று லைன்மேன்களை வெளியிலிருந்து வாங்கினார்கள்.

இதை முடித்ததும் அதே ஆண்டு ஜனவரி 22 அன்று டென்னஸி டைட்டன்ஸோடு நடந்த ஆட்டத்தை எடுங்கள். அதில் பரோ 9 முறை சாக் ஆகியும் பெங்கல்ஸ் 19-16 என்று வென்றார்கள். எதிரணி க்வாட்டர்பேக் ரையன் டானஹில் 3 இன்டர்செப்ஷன் கொடுத்தார். ஜெயித்த ஆட்டத்தில் லைனை யாரும் திட்டுவதில்லை, அதனால் இதைத் தாளோடு உட்கார்ந்து பார்ப்பது அவசியம். அந்த ஒன்பதில் எத்தனை லைனின் பங்கு, எத்தனை பரோ பந்தை விடாமல் பிடித்திருந்ததால் வந்தது என்று விநாடி எண்ணி எழுதிப் பாருங்கள்.