துருப்பிடித்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நாமே மாற்றுவது எப்படி?

மதுரைக்குள்ளேயே ஓடும் கார்களுக்கு அடிப்பாகத் துரு அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. ராமேசுவரம், தனுஷ்கோடி, தூத்துக்குடி என்று கடற்கரைப் பக்கம் அடிக்கடி போய்வரும் பழைய கார்களின் நிலை வேறு. எஞ்சின் புகையின் நஞ்சைக் குறைக்கும் பெட்டிதான் கன்வெர்ட்டர். அதன் உடல் துருவை ஓரளவு தாங்கும் எஃகினால் ஆனது என்றாலும், அதை முன்குழாயோடும் சைலன்சரோடும் இணைக்கும் ஃபிளேஞ்சுகளும் (குழாய் நுனியில் போல்ட் மாட்டும் தட்டுகள்) நட்டுகளும் பெரும்பாலும் சாதாரண இரும்புதான்; உப்புக்காற்று அங்கேதான் முதலில் கைவைக்கும். என் மைத்துனரின் 2011ஆம் ஆண்டுப் பெட்ரோல் காரில் பின்பக்க ஃபிளேஞ்சு விரலால் நெருடினாலே தகடு தகடாக உரிந்து வந்தது. மதுரைத் திருநகரில் எங்கள் வீட்டு வாசலிலேயே கன்வெர்ட்டரை மாற்றி முடித்த பிறகு, முதன்முறையாகச் செய்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன். எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதிலிருந்து தொடங்கவில்லை.

வெறும் பைப் போட வேண்டாம்

"கன்வெர்ட்டர் எதற்கு, அந்த இடத்தில் ஒரு பைப்பை வைத்து வெல்டிங் அடித்துவிடலாம்" என்று பட்டறைகளில் சொல்வார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் அந்தப் பூச்சுதான் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாற்றுகிறது. அதை எடுத்துவிட்டால் அத்தனை நஞ்சும் நம் தெருவில் நடந்து போகும் பிள்ளைகளின் மூச்சில்தான் கலக்கும். சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 115ஆம் விதிப்படி, பி.எஸ்.-2, பி.எஸ்.-3 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை அளவுகோலின் படிநிலைகள்) பெட்ரோல் கார்களில், வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டையும், எரியாத பெட்ரோல் ஆவியான ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.மையும் (பத்து லட்சத்தில் 750 பங்கு) தாண்டக்கூடாது. வெறும் பைப்போடு இந்த வரம்புக்குள் நிற்பது கடினம்.

மாற்றத்தான் வேண்டுமா?

வண்டி நன்றாக ஆறிய பிறகு கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்திருக்கிறது. தகரம் அதிர்வது போன்ற சத்தம் வந்தால், பெரும்பாலும் மேலே இருக்கும் வெப்பத்தடுப்புத் தகட்டின் பற்றவைப்பு விட்டிருக்கும். அதற்கு ஒரு பெரிய கிளாம்ப் போதும், கன்வெர்ட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஃபிளேஞ்சு மட்டும் அரித்து உடல் நன்றாக இருந்தால், வெல்டிங் பட்டறையில் புதிய ஃபிளேஞ்சு வைத்துத் தருவார்கள். உடலிலேயே ஓட்டை விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

புதியதை வாங்கும்போது கேஸ்கெட் (இணைப்பில் கசிவை அடைக்கும் வளையம்), போல்ட், நட்டு, ஸ்பிரிங், தொங்கு ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடுவது வீண் வேலை. மலிவான பொதுவகைக் கன்வெர்ட்டர்களில் விலைமிக்க உலோகங்களின் பூச்சு குறைவாகவே இருக்கும் என்பதால், வண்டி மாடலுக்கென்றே வரும் ஃபிளேஞ்சு வைத்த கன்வெர்ட்டரையே நான் பரிந்துரைப்பேன்.

வண்டியைத் தூக்குவது

காலையில் வெயில் ஏறுவதற்கு முன், முந்தைய இரவிலிருந்து ஓடாத வண்டியில் தொடங்குங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கலையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுத்தோ ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம், ஏனென்றால் துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

துருவேறிய நட்டுகள்

இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான் என்பதால் இங்கே அவசரம் கூடாது.

முதலில், ஒவ்வோர் இணைப்பிலும் இருப்பது போல்ட்டா, ஸ்டட்டா என்று பாருங்கள். இரண்டு தட்டுகளையும் ஊடுருவி மறுபக்கம் நட்டு போட்டிருந்தால் அது போல்ட். அது உடைந்தாலும் கவலையில்லை, புதியது போட்டுக்கொள்ளலாம். எனவே முரண்டு பிடித்தால் ஹாக்ஸாவால் அறுத்துவிடுவதே மேல். ஆனால் முன்பக்கத்தில், எஞ்சினிலிருந்து வரும் குழாயிலோ, எஞ்சினை ஒட்டிப் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டிலோ திருகி நிறுத்தப்பட்ட ஸ்டட் (தலையில்லாத மரைத்தண்டு) இருந்தால் அதன்மேல் பலத்தைக் காட்டாதீர்கள். ஸ்டட் உள்ளே முறிந்தால், துளைபோட்டு எடுத்து மரை போட லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

முந்தைய நாள் மாலையிலேயே, நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் மரையை வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்துவிடுங்கள். பலரும் நட்டில் எண்ணெய் விடுகிறார்களே தவிர இந்த மரையைச் சுத்தம் செய்வதில்லை. கழன்று வரும் நட்டு இந்தத் துருவில்தான் மறுபடி இறுகிக்கொள்கிறது. பிறகு டபிள்யூ.டி.-40 போன்ற எண்ணெயை விட்டு, தூங்கப் போகும் முன் ஒருமுறையும் விடிந்ததும் ஒருமுறையும் திரும்ப விடுங்கள்.

சாக்கெட் ஆறுமுனை உள்ளதாகவே இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் புது நட்டுக்குச் சரி, துருப்பிடித்த நட்டின் மூலைகளை அது வழித்துவிடும். துருவினால் 14 மி.மீ. நட்டு தேய்ந்து லூசாக இருந்தால், 13 மி.மீ. சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் நன்றாகப் பிடிக்கும். நீளமான கைப்பிடியைப் போட்டு, முதலில் கழற்றும் பக்கமாகத் திருகாமல் இறுக்கும் பக்கமாக மயிரளவு அசைத்துப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் துருவின் பிடி விட்டது என்று பொருள். பிறகு கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, அதில் பாதியளவு மீண்டும் இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாகவே போக வேண்டும். 'கிரீச்' என்று கத்தினால் நிறுத்தி எண்ணெய் விடுங்கள். நட்டு நகராமல் கைப்பிடி மட்டும் ரப்பரைப் போல வளைந்து கொடுப்பதாகக் கைக்குத் தெரிந்தால் ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த அழுத்தத்தில் முறிந்துவிடும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குத் தீர்வு நெருப்புதான். ஆனால் பெட்ரோல் குழாய் அருகிலேயே போவதால், எண்ணெய் ஊறிய இடத்தில் நீங்களே தீ காட்ட வேண்டாம். அந்த ஒரு நட்டுக்காகக் கேஸ் வெல்டிங் செட் வைத்திருக்கும் பட்டறைக்காரரை அழைப்பது அவமானமில்லை. அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் கன்னைத் துருப்பிடித்த சிறிய ஸ்டட்டில் பயன்படுத்துவதை நான் விரும்புவதில்லை. முறியப் போகும் அறிகுறியை அது கைக்குச் சொல்வதில்லை.

ஆக்சிஜன் சென்சார்

கன்வெர்ட்டரிலேயே புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் இருந்தால், முதலில் வயர் பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் வெட்டுள்ள 22 மி.மீ. சென்சார் சாக்கெட்டால் கழற்றுங்கள். குளிர்ந்த நிலையில் வர மறுத்தால், வண்டியைக் கீழே இறக்கி, சென்சார் பிளக்கையும் பேட்டரி வயரையும் மாட்டி, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, மறுபடி பழையபடி வயர்களைக் கழற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, தொடக்கூடிய சூட்டில் கழற்றினால் எளிதாக வரும். திரும்பப் பூட்டும்போது சென்சாருக்கு ஏற்ற ஆன்டி-சீஸை (மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) மரையில் மட்டும் தடவுங்கள், நுனியில் படக்கூடாது. கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டை எங்கும் பயன்படுத்தாதீர்கள், அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

பூட்டுவது

கன்வெர்ட்டரின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். முதலில் தொங்கு ரப்பர்களில் மாட்டி, எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் திருகி, குழாய் எங்கும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, முன்பக்கத்திலிருந்து தொடங்கி மாற்றி மாற்றி இறுக்குங்கள். வெப்பத்தடுப்புத் தகட்டை விட்டுவிடாதீர்கள். காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தும்போது தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, குழாய் சூடேறுவதற்குள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். முதல் கால் மணி நேரம் எண்ணெய் கருகும் நாற்றமும் லேசான புகையும் வருவது இயல்பு.

பழைய கன்வெர்ட்டர் துருவால் போகாமல் உள்ளே உருகிப் போயிருந்தால், புதியதைப் பூட்டும் முன் ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் சரிபாருங்கள். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். வண்டியை நெடுந்தூரம் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

பிற்சேர்க்கை

படித்த சிலர் கேட்டதால் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன். சில கார்களில் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒன்றாகவே எஞ்சினை ஒட்டி இருக்கும். முதல்முறையாகச் செய்பவர்கள் அதில் கைவைக்க வேண்டாம், இடமும் குறைவு, ஸ்டட்டுகளும் அதிகம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் உள்ள கார்களில், மாற்றிய பிறகும் பி0420 என்ற குறியீட்டோடு (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று வண்டியின் கணினி சொல்லும் பிழைக்குறி) எஞ்சின் விளக்கு எரிந்தால், கன்வெர்ட்டரைக் குறைசொல்லும் முன் முன்பக்க இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் சென்சார் தவறாகத்தான் சொல்லும்.

கழற்றிய பழையதை வெறும் இரும்பு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளிருக்கும் உலோகங்களுக்காகத் தனி விலை கொடுத்து எடுப்பவர்கள் உண்டு. அதை நீங்களே வெட்டித் திறக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கும் பீங்கான் இழைத்தூள் நுரையீரலுக்குக் கேடு.