ரிலே ஹேட் மாட்டினதும் ராஸ்பெர்ரி பை ரீஸ்டார்ட் ஆகுதா? பவர் எங்க விழுதுன்னு கண்டுபிடிக்கலாம் வாங்க

ராஸ்பெர்ரி பை 4ங்கற சின்ன கம்ப்யூட்டர் போர்டு தனியா இருக்கும்போது நல்லா ஓடும், அதோட பின் மேல மாட்டற துணை போர்டுக்குத்தான் ஹேட்னு பேரு, 8 ரிலே, அதாவது கரண்ட் குடுத்தா தானா ஆன் ஆஃப் ஆகற சுவிட்ச், இருக்கற ஹேட் ஒண்ண மேல மாட்டி நாலஞ்சு ரிலேவ சேர்த்து ஆன் பண்ணினா பொசுக்குன்னு ரீஸ்டார்ட் ஆகும், சில நேரம் எஸ்டி கார்டு கரப்ட் ஆகி பூட்டே ஆகாம நிக்கும். உடனே போர்டு போச்சுன்னு நெனச்சு இன்னொரு ஹேட் ஆர்டர் போட்டுடாதீங்க, பெரும்பாலும் ஹேட் மேல எந்த தப்பும் இருக்காது, அடாப்டர்லேர்ந்து பின் வரைக்கும் வர்ற வழியில எங்கயோ வோல்டேஜ் விழுந்திருக்கும். அந்த இடத்த எப்படி புடிக்கறதுன்னுதான் பார்க்கப் போறோம். கையில ஒரு மல்ட்டிமீட்டர் இருந்தா போதும்.

முதல் வேலை, ரிலே வழியா வீட்டு கரண்ட்ல எதாவது ஓடுதுன்னா அந்த பிளக்க மொதல்ல புடுங்கிடுங்க. அப்புறம் பைய ஒழுங்கா ஷட்டவுன் பண்ணி, அடாப்டர கழட்டி, அதுக்கப்புறம்தான் ஹேட்ட கழட்டணும். பவர் ஓடிட்டு இருக்கும்போது ஹேட்ட கழட்டறதும் மாட்டறதும் வேண்டவே வேண்டாம், 40 பின்னும் ஒரே நேரத்துல நேரா வராது, கொஞ்சம் சாஞ்சு 5 வோல்ட் போய் பக்கத்து பின்ன தொட்டா முடிஞ்சுது, பையோட ஜிபிஐஓ பின், அதாவது சிக்னல் வாங்கற குடுக்கற பின் எல்லாம் 3.3 வோல்ட் தாங்கறதுக்கு மட்டும்தான் பண்ணியிருக்காங்க.

இப்ப ஹேட் இல்லாம பைய மட்டும் ஆன் பண்ணுங்க, கொஞ்ச நேரம் எதாவது கனமான வேலை குடுங்க. டெர்மினல்ல விசிஜென்சிஎம்டின்னு அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, கெட் அண்டர்ஸ்கோர் த்ராட்டில்டுன்னு அடிங்க (vcgencmd get_throttled). 0எக்ஸ்0ன்னு வந்தா பூட் ஆனதுலேர்ந்து பவர் சுத்தமா இருந்திருக்கு. 0எக்ஸ்50000ன்னு வந்தா நடுவுல எப்பயோ வோல்டேஜ் விழுந்து அதனால வேகத்த கொறச்சிருக்கு, இப்ப சரியா இருக்கு. 0எக்ஸ்50005ன்னு வந்தா இந்த நிமிஷமே கம்மியாத்தான் இருக்கு. கடைசி எண் இப்போதைய நிலை, முன்னாடி இருக்கற 5 ஏற்கனவே நடந்தது, அவ்வளவுதான். 8ன்னு எதாவது வந்தா அது சூட்டு பிரச்சனை, ஹேட் மேல உக்காந்து காத்த மறைக்கறதால அதுவும் வரும், பவரோட அத போட்டு கொழப்பிக்காதீங்க. பை 4ல வோல்டேஜ் சுமார் 4.63க்கு கீழ போனா இந்த எச்சரிக்கை வரும், சிவப்பு எல்இடி அணையும், மானிட்டர் இருந்தா மின்னல் படமும் வரும். கான்ஃபிக் ஃபைல்ல அவாய்ட் வார்னிங்ஸ்னு போட்டு அந்த மின்னல மறைக்கற வேலைய மட்டும் பண்ணாதீங்க, படம்தான் போகும், வோல்டேஜ் ஏறாது.

ஹேட் இல்லாமலேயே 5 வந்துச்சுன்னா அடாப்டர், இல்ல கேபிள். இங்கதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. 65 வாட் ஃபோன் சார்ஜர் இருக்கே, இதுக்கு மேல என்ன வேணும்னு கேக்கறாங்க, ஆனா அந்த 65 வாட் எல்லாம் 10, 20 வோல்ட்னு மேல போனாத்தான் கெடைக்கும், பைக்கு வேண்டியது 5 வோல்ட் மட்டும்தான், அந்த 5 வோல்ட்ல நம்ம சார்ஜர் எத்தன ஆம்பியர் தருதுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், அத பாருங்க. பை 4க்கு வர்ற ஒரிஜினல் அடாப்டர் 5.1 வோல்ட் 3 ஆம்பியர், கேபிள்ல கொஞ்சம் போகும்னு தெரிஞ்சேதான் அந்த 0.1 கூட வச்சிருக்காங்க.

கேபிள் மேல அச்சடிச்சிருக்கறத வெளிச்சத்துல புடிச்சு படிங்க. 28ஏடபிள்யூஜி 1பி, 24ஏடபிள்யூஜி 2சின்னு இருக்கும், 2சி பக்கம் இருக்கறதுதான் பவர் கம்பி, நம்பர் பெருசா இருந்தா கம்பி மெல்லிசு. பவர் கம்பியே 28 கேஜ்னா ஒரு மீட்டர் கேபிள்ல போக வர சேர்த்து சுமார் 0.43 ஓம், பை 1.5 ஆம்பியர் இழுத்தா 0.64 வோல்ட் கேபிளுக்குள்ளயே போயிடும், 5.1 கெளம்பி 4.46தான் வந்து சேரும். 24 கேஜ்னா இதே இடத்துல கால் வோல்ட்தான் விழும், 4.85 நிக்கும். அடாப்டர் அதேதான், கேபிள மட்டும் மாத்தினா போதும்.

பை மட்டும் சுத்தமா ஓடுதுன்னா இப்ப ஹேட்டோட கணக்க போடுங்க. ரிலே நீல டப்பா மேல எஸ்ஆர்டி-05விடிசின்னு இருந்தா அதுக்குள்ள சுவிட்ச இழுக்கற கம்பிச்சுருள், அதாவது காயில், 70 ஓம், அதாவது ஒண்ணுக்கு 71 மில்லி ஆம்பியர், எட்டும் ஆன் ஆனா 570 கிட்ட. பை 4 தனியா சாதாரணமா இழுக்கறதே 600 மில்லி ஆம்பியர் பக்கம்தான்னு நெனச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட இன்னொரு பைய மாட்டின மாதிரி ஆயிடுது. யுஎஸ்பில ஹார்ட் டிஸ்க் இருந்தா அதையும் கூட்டிக்கோங்க.

பவர ஆஃப் பண்ணிட்டு ஹேட்ட மாட்டுங்க, அப்புறம் ஆன் பண்ணி அளக்கலாம். மல்ட்டிமீட்டர டிசி வோல்ட்ல வைங்க, சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில இல்லன்னு ரெண்டு தடவ பாருங்க, அதுல இருந்தா நேரா ஷார்ட் ஆகும். 2ஆம் பின் 5 வோல்ட், 6ஆம் பின் கிரவுண்ட். 2க்கு பக்கத்துலயே 1ஆம் பின் 3.3 வோல்ட், ப்ரோப் வழுக்கி ரெண்டையும் சேர்த்துட்டா போர்டே போயிடும், அதனால ஹேட்ல 5 வோல்ட், கிரவுண்டுன்னு ஸ்க்ரூ டெர்மினல் இருந்தா அங்க அளக்கறதுதான் நல்லது. ரிலேவ ஒண்ணொண்ணா ஆன் பண்ணிட்டே மீட்டர பாருங்க. படிப்படியா எறங்கி 4.7 கிட்ட வந்தா சப்ளை பத்தல. மீட்டர் 5ன்னே காட்டுது ஆனா எச்சரிக்கை வருதுன்னா டெர்மினல்ல வர்ற அந்த 0எக்ஸ் நம்பர்தான் உண்மை, மீட்டர் சராசரியத்தான் காட்டும், சில மில்லி செகண்ட் பள்ளத்த அது புடிக்காது.

சப்ளை பத்தலன்னா ஹேட்டுக்கு தனி 5 வோல்ட் குடுக்கணும். அதுக்கு முன்னாடி ஹேட்டோட மேனுவல்ல ஒண்ண பார்த்துடுங்க, அந்த டெர்மினல்ல குடுக்கற பவர் பைக்கும் திரும்பி போகுதா? போகுதுன்னா யுஎஸ்பி அடாப்டரையும் சேர்த்து மாட்டாதீங்க, ரெண்டு சப்ளை ஒண்ணுக்குள்ள ஒண்ணு தள்ளும். பை 5 வச்சிருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, அது 5 ஆம்பியர் அடாப்டர பார்க்கலன்னா யுஎஸ்பி எல்லாத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும், டிஸ்க் மட்டும் கழண்டு கழண்டு போச்சுன்னா ஹேட்ட திட்டாம அடாப்டர பாருங்க.

எல்லா அளவும் சரி, அப்பவும் மோட்டார் ஆஃப் ஆகும்போது மட்டும் பை தொங்குதுன்னா, ரிலே டெர்மினல்லேர்ந்து மோட்டார் ஒயர கழட்டிட்டு வெறும் ரிலேவ மட்டும் டக் டக்குன்னு அடிக்க விடுங்க. இப்ப தொங்கலன்னா அது சப்ளை பிரச்சனையே இல்ல, காண்டாக்ட் பிரியும்போது வர்ற தீப்பொறியோட நாய்ஸ். மோட்டாருக்கு குறுக்க ஸ்னப்பர், அதாவது அந்த தீப்பொறிய அடக்கற சின்ன சர்க்யூட், போடணும், அந்த ஒயர பை பக்கத்துலேர்ந்து தள்ளி ஓட்டணும், வீட்டு கரண்ட்ங்கறதால இத எலக்ட்ரீஷியன வச்சு பண்ணுங்க.

சரி பண்ணினப்புறம் ஒரு தடவ ரீபூட் பண்ணுங்க, இல்லன்னா பழைய 5 அப்படியே நிக்கும். ரிலே எல்லாத்தையும் ஆன்ல விட்டு, டிஸ்க்குக்கும் வேலை குடுத்து, ராத்திரி முழுக்க ஓட விடுங்க. காலையில அதே கமாண்ட் 0எக்ஸ்0 காட்டினா பெட்டிய மூடி ஸ்க்ரூ பண்ணிக்கலாம்.