கழகத்துக்கு வரும் பிள்ளைகளைப் பாதுகாப்பது எப்படி

திருகோணமலையில் உப்புவெளி, அலஸ்தோட்டம், பாலையூற்று, எந்தப் பக்கம் போனாலும் பின்னேரத்தில் பிள்ளைகள் கூடும் ஓர் இடம் இருக்கும். விளையாட்டுக் கழகம், சாரணர், அறநெறிப் பாடசாலை, வாசிகசாலை, ஏதோ ஒன்று. நடத்துகிறவர்கள் வேலை முடிந்து களைத்துப்போய் வந்து, ஒரு சதமும் வாங்காமல் நிற்கிற அண்ணாமார், அக்காமார். சும்மா வந்து உதவுகிறவரிடம் கேள்வி கேட்க வாய் வராது. "எங்கட ஆள்தானே" என்று விட்டுவிடுவோம். ஆனால் பிள்ளைகளைச் சீரழிக்கிறவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்தான், அதனால் "எங்கட ஆள்" என்பதை ஒரு பாதுகாப்பாக எண்ணவே கூடாது.

புதிதாக ஒருவர் உதவிக்கு வந்தால் அடையாள அட்டையைப் பாருங்கள், கிராம சேவையாளரிடம் நற்சான்று எடுத்து வரச் சொல்லுங்கள், முன்பு எந்தக் கழகத்தில் இருந்தார் என்று கேட்டு அங்கே நீங்களே ஒரு தடவை பேசிப் பாருங்கள். நற்சான்று ஒரு கடதாசிதான், பழைய கழகத்தில் பேசும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கூடுதலாகத் தெரியவரும். ஏன் அங்கிருந்து விலகினார் என்ற கேள்விக்கு மறுமுனையில் இருப்பவர் இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக, மற்றவர்கள் கண்ணில் படாமல் இருக்கக் கூடாது என்ற விதி. எப்போதும் இரண்டு பெரியவர்கள். தனியாகப் பேச வேண்டிய விஷயம் என்றால் மைதானத்து ஓரத்தில், மற்றவர்களுக்குக் காதில் விழாத, ஆனால் கண்ணில் தெரியும் தூரத்தில் நின்று பேசலாம். பந்தும் மட்டையும் வைக்கும் அறையைக் கவனியுங்கள், அநேகமாக எல்லாக் கழகத்திலும் அது பின்பக்கம் இருக்கும், யன்னல் இருக்காது, திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கும். திறப்பை இரண்டு பேரிடம் கொடுங்கள், சாமான் எடுக்கப் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராக அனுப்புங்கள், அறைக் கதவு திறந்தே கிடக்கட்டும். இந்த விதி தலைவருக்கும், இருபது வருடமாக இருக்கும் மூத்தவருக்கும், உங்களுக்கும் சேர்த்துத்தான். ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் விதியே போய்விடும். யாராவது "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா" என்று கோபப்பட்டால், இல்லை, எல்லாருக்கும் இதுதான் என்று அமைதியாகச் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் மேல் வீண்பழி வராமல் காப்பதும் இதே விதிதான்.

சரி, பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் நேரத்துக்கு வருவோம். ஆறரை மணி, இருட்டிவிட்டது, எல்லாரும் போய்விட்டார்கள், ஒரே ஒரு பிள்ளை மட்டும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது, அப்பா இன்னும் வரவில்லை. நல்ல மனம் உள்ளவர் உடனே "ஏறு, நான் கொண்டுபோய் விடுறன்" என்று மோட்டார் சைக்கிளைத் திருப்புவார். அதைத்தான் செய்யக் கூடாது. இரண்டு பெரியவர்கள் வெளிச்சம் உள்ள இடத்தில் பிள்ளையோடு நிற்க வேண்டும், வீட்டுக்கு அழைக்க வேண்டும். இதற்காகவே வருகைக் கொப்பியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தொலைபேசி எண்ணும், யார் யார் கூட்டிப்போகலாம் என்ற பெயர்களும் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் இல்லாத "மாமா" வந்தால், பிள்ளை அவரைக் கண்டு சிரித்தாலும், தாயிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

போனிலும் இதே கதைதான். செய்திகள் பெற்றோரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் மட்டும் போகட்டும், இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளைக்குத் தனியாக "சாப்பிட்டியா" என்று கேட்க எந்தப் பொறுப்பாளருக்கும் தேவையில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, ரீலோட், "வீட்டில் சொல்லாதே" என்ற இரகசியம், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே பேசுங்கள்.

கன்னியா வெந்நீரூற்றுக்குச் சுற்றுலா போகாத குழு திருகோணமலையில் இருக்காது. அங்கே கவனிக்க வேண்டியது உடுப்பு மாற்றும் இடம். பெண்பிள்ளைகளோடு இரண்டு அக்காமார் கட்டாயம் போக வேண்டும், ஆண்பிள்ளைகள் மாற்றும்போதும் பெரியவர் வெளியே நிற்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்காது என்று நினைப்பது பெரிய பிழை. ஈர உடுப்போடு நிற்கும் பிள்ளைகளைப் படம் எடுக்கவும் வேண்டாம், முகநூலில் போடவும் வேண்டாம்.

ஒரு பிள்ளை வந்து உங்களிடம் ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "உண்மையா? நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிவிடும், பிறகு திறக்கவே திறக்காது. "சொன்னது நல்லது, உன்னில் ஒரு பிழையும் இல்லை" என்பது போதும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், ஏனென்றால் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளை, திகதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு நீங்களே விசாரிக்கப் போக வேண்டாம், ஊர்ப் பெரியவர்களை வைத்து சமரசம் பேசவே வேண்டாம், அப்படிப் பேசி முடித்த இடங்களில் அந்த ஆள் அடுத்த கழகத்துக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

அழைக்க வேண்டிய எண் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென்றே உருவான சபை அது. பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போகலாம், பொலிஸ் நிலையத்துச் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்திலும் முறைப்பாடு செய்யலாம். பிள்ளை அந்த நேரமே ஆபத்தில் இருந்தால் 119. உடம்பில் ஏதாவது நடந்திருந்தால் குளிக்க வார்க்காமல், உடுப்பைத் தோய்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

1929ஐ வருகைக் கொப்பியின் முன் அட்டையில் பெரிதாக எழுதுங்கள், கழகச் சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே அந்த எண்ணுக்கு எடுக்கலாம் என்பதையும் அடுத்த பயிற்சி தொடங்கும் முன் அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.