போர் தண்ணீரில் மீன் தொட்டிச் செடிகள்: வெட்டி, பிரித்து, நட்டுப் பெருக்கும் முறை

குளியலறை பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாக உப்பு படிகிறதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இது சாதாரணம். பாறை இடுக்கில் ஊறி வரும் தண்ணீர், கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சுமந்துகொண்டுதான் வரும். யூடியூபில் பார்த்த சிவப்புச் செடியை ஆசையாக வாங்கி இந்தத் தண்ணீரில் நடுகிறார்கள். அது கரைந்து போனதும் "நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று தொட்டியை மொட்டை மாடியில் கவிழ்த்துவிடுகிறார்கள். தண்ணீரோடு மல்லுக்கட்டாமல், இந்தத் தண்ணீரில் வளரும் செடியை வாங்குங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

1. செடியைத் தேர்ந்தெடுப்பது

முதல் தொட்டிக்கு நான் சொல்வது நான்குதான்: வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். மிதக்கவிட ஒரு கொத்து ஹார்ன்வோர்ட் இருந்தால் இன்னும் நல்லது.

வாலிஸ்னேரியாவுக்கும் ஹார்ன்வோர்ட்டுக்கும் ஒரு தனித்திறமை உண்டு. தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால், பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் நன்றாக விழும் தொட்டியில் வாலிஸ்னேரியா இலையை விரலால் தடவிப் பாருங்கள். சில நேரம் சுண்ணாம்புப் பொடி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். செடி பைகார்பனேட்டைப் பயன்படுத்தியபின் மிஞ்சிய கால்சியம்தான் அங்கே படிகிறது.

மீனில் கப்பி, மோலி இரண்டும் இந்தத் தண்ணீருக்குச் சரியான ஜோடி. கோல்டு ஃபிஷ் வேண்டாம், செடியைத் தின்றுவிடும்.

2. தொட்டியும் மணலும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். அடியில் 2 அங்குலத்துக்குப் பொடிக்கல் அல்லது நன்றாக அலசிய ஆற்று மணல். கல் எங்கிருந்து கிடைத்தாலும் ஒரு துண்டின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அதை ஒதுக்கிவிடுங்கள். கிரானைட் நுரைக்காது, அது கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத பொருள்.

உரம் தெளிக்காத இடத்துச் செம்மண்ணைச் சலித்து, பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டி வெயிலில் காயவையுங்கள். நடும்போது வேருக்கு அடியில் ஒவ்வோர் உருண்டையாகப் புதைத்தால் இரும்புச்சத்து வேருக்கே கிடைக்கும். உரக்கடை யூரியா, டிஏபி பக்கம் மட்டும் போகாதீர்கள். அதிலிருந்து வரும் அம்மோனியா மீனைக் கொன்றுவிடும்.

ஒகேனக்கல் குடிநீர் வரும் வீடு என்றால் அதில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அதையும் போர் தண்ணீரையும் பாதிப்பாதி கலந்தாலும் நல்லதுதான்.

3. வாங்கி வந்த செடியைச் சுத்தம் செய்வது

கொத்தைச் சுற்றியிருக்கும் ஈயப் பட்டையையும் ஸ்பாஞ்சையும் கழற்றி, அழுகிய இலைகளைக் கிள்ளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிர் ரோஜா நிறம் வரும் அளவுக்குத் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் முக்கி, நன்றாக அலசுங்கள். இலை மெல்லிய ஹார்ன்வோர்ட்டை இதில் போடாதீர்கள், வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

4. தண்டு வெட்டி நடுவது

ஹைக்ரோஃபிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டில் இலை கிளம்பும் இடம்தான் கணு. வேரும் அங்கிருந்துதான் வரும். நுனியிலிருந்து விரல் நீளத்துக்கு அளந்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். மொட்டைக் கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். கீழ் இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்த வெற்றுக் கணுக்கள் மணலுக்குள் போகும்படி இடுக்கியால் பிடித்துச் சற்றுச் சாய்வாகச் செருகுங்கள். சாய்த்து நட்டால் மிதந்து வராது. கொத்தாக நடாமல் ஒவ்வொரு தண்டுக்கும் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள், அடி இலைக்கும் வெளிச்சம் வேண்டும்.

வெட்டுப்பட்ட அடித்தண்டைப் பிடுங்க வேண்டாம். மேல் கணுவிலிருந்து இரண்டு கிளை முளைக்கும். அவை வளர்ந்ததும் அவற்றையும் வெட்டி நடலாம். இப்படியே ஒரு கொத்து புதராகிவிடும்.

5. வாலிஸ்னேரியாவைப் பிரிப்பது

இது தானாகவே பெருகும். தாய்ச்செடியின் அடியிலிருந்து வெள்ளைக் கயிறு போல ஓடுதண்டு மணலை ஒட்டி ஓடி, நுனியில் குட்டிச்செடி விடும். குட்டிக்கு நான்கைந்து இலையும் சொந்த வேரும் வரும்வரை தொடாதீர்கள். அப்புறம் இணைப்பை வெட்டி, வேண்டிய இடத்தில் நடலாம்.

நடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இலையும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும். கழுத்து புதைந்தால் அழுகும். புதிதாக நட்டதும் பழைய இலைகள் கரைவது வழக்கம்தான். பிடுங்கிப் பார்க்காமல் பொறுத்திருங்கள், நடுவிலிருந்து புது இலை வரும். திரவக் கார்பன் என்று விற்பதை இந்தச் செடி இருக்கும் தொட்டியில் ஊற்றாமல் இருப்பதே நல்லது, பல தொட்டிகளில் இதன் இலை கரைந்துவிடுகிறது.

6. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன்

இரண்டுக்கும் படுத்தபடி வளரும் தடித்த தண்டு உண்டு. அதை மணலில் புதைக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலை இருக்கும்படி வெட்டி, கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டுங்கள். ஃபெவிகுவிக் ஒரு சொட்டும் போதும். ஜாவா ஃபெர்னின் முதிர்ந்த இலையில் சின்னச் சின்னக் குட்டிச்செடி தொங்கினால், அதற்கு வேர் வந்ததும் கிள்ளி இன்னொரு கல்லில் கட்டுங்கள். இலையின் அடியில் வரிசையாகத் தெரியும் கரும்புள்ளிகள் விதைத்தூள் பைகள். பூச்சி என்று நினைத்து இலையை வெட்டிவிடாதீர்கள்.

7. தினசரிப் பராமரிப்பு

எல்இடி விளக்கு முதல் மாதம் 6 மணி நேரம், அப்புறம் 8 வரை போகலாம். அதற்கு மேல் போனால் பச்சைப் பாசிதான் செழிக்கும். டைமர் வாங்குவதென்றால் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராகப் பாருங்கள். திருகும் வகை கரண்ட் போனதும் நின்றுவிடும், நான்கு முறை போனால் விளக்கு ராத்திரியில் எரியும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பழைய இலையில் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் குறைவாக இருக்கலாம். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு குறைவு. இரும்பு உரத்தில், இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மத்தின் பெயரைப் பாருங்கள். நம் தண்ணீரில் ஈடிடிஏ வகை இரும்பு சீக்கிரம் வீணாகும், டிடிபிஏ என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தர்மபுரியில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். ஓசூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு சின்ன ஃபேன் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். வற்றியதை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பினால் வாரத்துக்கு வாரம் உப்பு ஏறும். அதனால் வற்றிய அளவுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள்.

செடி பெருகிவிட்டால் மிச்சத்தை நண்பர்களுக்குக் கொடுங்கள், கடைக்காரரிடம் கேட்டாலும் சிலர் வாங்கிக்கொள்வார்கள். ஏரியிலோ கால்வாயிலோ மட்டும் வீசாதீர்கள். இன்று ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகக் கொண்டுவந்த தென் அமெரிக்கச் செடிதான். கழித்த துண்டுகளை வெயிலில் காயவைத்து, பூந்தொட்டியில் மண்ணோடு கிளறிவிடுங்கள்.